அடுத்த பந்து

கிரிக்கெட்டைப் பார்ப்பதோடு நம் ஜனங்களுக்குத் திருப்தி உண்டாவதில்லை. அடுத்த பந்துக்கு ஜோசியமும் சொல்லியாக வேண்டும். 2018 ஐ.பி.எல். சமயத்தில் ஜியோ கம்பெனியார் இந்தச் சுபாவத்தையே கைபேசி விளையாட்டாக்கினார்கள். பந்து விழுமுன் ஊகம் சொல்ல வேண்டும், பலித்தால் புள்ளி. காசு கட்ட வேண்டாம்.

இதை அமைப்பவருக்குப் பெரிய சத்துரு தாமதம். இணையத்தில் காட்சி சில விநாடி பிந்தி வருகிறது. தாடிக்கொம்பில் என் திண்ணைக் கைபேசியில் பௌலர் ஓடத் தொடங்குமுன்பே, எதிர்வீட்டு டெலிவிஷன் பக்கம் "சிக்ஸர்!" என்று கூச்சல் எழுகிறது. அப்புறம் ஊகம் ஏது? பந்தயப் பணமும் சேர்ந்தால் அந்தச் சில விநாடியே திருட்டுச் சாவி. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது.

ஆகவே, கேள்வியை முன்கூட்டியே பூட்டிவிட வேண்டும். என்னைக் கேட்டால், இந்தக் கடையின் சரக்கே 'தெரியாமை'தான். அதை எல்லோருக்கும் சமமாக அளந்து போடுகிறவரே கெட்டிக்காரர்.