நான்கு ஸ்விஃப்ட், எழுபது வளைவு

2005 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்த முதல் மாருதி ஸ்விஃப்டின் பெட்ரோல் எஞ்சினுக்கு 87 குதிரைத்திறன். 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறைக்கு 82. செல்போனிலிருந்து மிக்ஸி வரை எல்லாம் வருடத்துக்கு வருடம் வலு ஏறி வரும்போது இந்த ஒரு கார் மட்டும் 19 வருடம் கழித்து ஐந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு வந்து நிற்கிறது. அதனால் விற்பனைக்கு ஒரு குறையும் இல்லை. என் வயது ஆண்கள் சிலர்தான் டீக்கடையில் நின்று, "பழைய ஸ்விஃப்ட்ல ஒரு கேரக்டர் இருந்துச்சு மச்சி, இப்ப இல்ல" என்று பெருமூச்சு விடுவோம்.

அந்தக் கேரக்டர் என்பது என்ன என்று யோசித்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வசதி இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்குள் நான்கு தலைமுறை ஸ்விஃப்டும் வந்திருக்கின்றன, நான்கும் கொல்லிமலை ஏறியிருக்கின்றன. எங்களுக்கு நாமக்கல் பக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஒரு காரிடம் கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளையும் அந்தச் சாலை கேட்டுவிடும்.

ஸ்விஃப்டுக்கு முன்னால் நம் ஊரில் சின்னக் கார் என்றால் இரண்டே விசாரணைதான். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் உட்காரலாமா? 800, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் அந்தக் கேள்விகளுக்குப் பதிலாக வந்தவை. (ஜென் வைத்திருந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.) ஸ்விஃப்ட் வேறு ஜாதகத்தோடு பிறந்தது. 2002 பாரிஸ் கண்காட்சியில் சுசுகி காட்டிய ஒரு மாதிரி வடிவத்தின் வழி வந்தது, ஐரோப்பிய வாடிக்கையாளரையும் மனதில் வைத்து வரைந்தது. ஜப்பானிலும் ஹங்கேரியிலும் செய்த அதே உருவத்தைத்தான் குர்கானிலும் செய்தார்கள். கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூண்களுக்குக் கறுப்பு பூசியதால் முன்பக்கம் ஹெல்மெட் போட்ட முகம் மாதிரி இருக்கும். நான்கு சக்கரமும் நான்கு மூலைக்குத் தள்ளி நிற்கும். நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற மாதிரி தெரிந்த முதல் சின்னக் கார் எங்கள் தெருவுக்கு அதுதான்.

ஆனால் உள்ளே இருந்த எஞ்சின் பழைய ஆள். எஸ்டீமில் இருந்த அதே 1298 சிசி ஜி13. இந்திய ராலிகளில் எஸ்டீம் பல வருடம் ஓடியதால் ஒர்க்‌ஷாப் பையன்களுக்கு அந்த எஞ்சின் மனப்பாடம். கீழ்ச்சுற்றில் சாது. 4000-ஐத் தாண்டினால் குரல் மாறும். அப்பா 2006-ல் வெள்ளி நிறத்தில் வாங்கினார். மலையில் அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். வளைவுக்கு முன்னாலேயே ஹாரன், பிரேக், இரண்டாவது கியர், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, பாதி திரும்பும்போதே ஆக்ஸிலேட்டர். வண்டியின் மூக்கு சொன்ன இடத்துக்குப் போகும். சாலையில் ஒட்டுப்போட்ட இடம், கொட்டிக்கிடக்கும் ஜல்லி, ஈரம் எல்லாம் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். பின் சஸ்பென்ஷன் கட்டை மாதிரி. பின்சீட்டில் அம்மா, "இதுக்கு மாட்டு வண்டியே தேவலாமுங்க" என்பார். அப்பா காதில் விழாத மாதிரி ஓட்டுவார்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாவி எங்கள் வீட்டில் பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அப்பா எடுப்பார், 2008-ல் எனக்கு லைசென்ஸ் வந்த பிறகு நான் எடுத்தேன். அக்கா எனக்கு இரண்டு வருடம் முன்பே லைசென்ஸ் வாங்கியவள். அவள் எடுத்ததில்லை.

மாமா கோழிப்பண்ணைக்காரர். முட்டை விலை ஏறிய ஒரு வருடத்தில் டீசல் ஸ்விஃப்ட் வாங்கினார். அதே உடம்பு, வேறு ஆவி. ஃபியட் நிறுவனம் உருவாக்கிய 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின் 2007 தொடக்கத்தில் ஸ்விஃப்டுக்குள் வந்தது. 75 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க் 190 நியூட்டன் மீட்டர். அதே எஞ்சின் டாடா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் மாருதியின் ரிட்ஸ், எர்டிகா, சியாஸ் என்று வரிசையாகவும் போய் உட்கார்ந்ததால் அதைத் தேசிய எஞ்சின் என்றே பத்திரிகைகள் கிண்டலாக எழுதின. அதன் சுபாவம் விநோதமானது. 2000 சுற்றுக்குக் கீழே அது தூங்கும். டர்போ விழித்ததும் முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி பாயும். சேலம் பைபாஸில் அது சொர்க்கம். கொண்டை ஊசி வளைவில் நேர் எதிர். இரண்டாவது கியரில் திரும்பினால் சுற்று இறங்கிப்போய் வண்டி செத்த மாதிரி நிற்கப் பார்க்கும், முதல் கியருக்குப் போனால் திடீரென்று பாயும். இரண்டுக்கும் நடுவே கிளட்சில் விளையாடத் தெரிய வேண்டும். மாமாவுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கல்யாண வீடுகளில் பேசவும் தெரியும். "குதிரை மாதிரிடா மாப்ளே, கடிவாளம் தெரியாதவன் ஏறக்கூடாது."

பெட்ரோல் ஸ்விஃப்டின் நெஞ்சை மாற்றியதில் பாதிப் பங்கு டெல்லியின் கணக்குப் புத்தகத்துக்கு. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் இருந்தால் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஸ்விஃப்டின் 1298 அந்தக் கோட்டுக்கு 98 சிசி வெளியே நின்றது. புகை விதிகளும் இறுகவே, 2010-ல் 1197 சிசி கே-சீரிஸ் எஞ்சின் வந்தது. மென்மையானது, சிக்கனமானது, சொன்ன பேச்சுக் கேட்கும். ஜி13-இன் அந்தக் கரகரப்பு அதோடு போயிற்று. வரி விதித்தவர்கள் அதை எங்கே கேட்டிருக்கப் போகிறார்கள்! இதே நான்கு மீட்டர் விதிதான் டிசையரின் பின்பக்கத்தைக் கத்தரித்து, டிக்கியை ஒட்டவைத்த மாதிரி ஆக்கியது. ஆனால் அது வேறு சோகம்.

இரண்டாம் தலைமுறை 2011 ஆகஸ்டில் வந்தது. பார்ப்பதற்கு முதல் ஸ்விஃப்டை லேசாகக் கொழுக்கவைத்தது போலிருந்தது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து நான் வாங்கிய பழைய கார் 2012 பெட்ரோல். நான்கில் எது நல்ல ஓட்டுநர் கார் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஸ்டியரிங்கில் எடை இருந்தது, வேகத்தில் அது இன்னும் இறுகும். முதல் வண்டியின் முதுகெலும்பு உடைக்கும் சஸ்பென்ஷனும் இல்லை. கொல்லிமலையில் நாற்பதாவது வளைவுக்குப் பிறகு ஒரு லயம் வரும், கையும் காலும் யோசிக்காமல் வேலை செய்யும், அது இந்த வண்டியில்தான் எனக்கு முழுசாக வாய்த்தது. டிக்கி 204 லிட்டர். இரண்டு பெட்டி வைத்தால் மூன்றாவது மடியில். பின்பக்கம் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது அனுமானம்தான்.

இந்தியாவுக்கு வராத ஸ்விஃப்ட் ஒன்று உண்டு, இணையத்தில் இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த காலமும் இதுதான். ஜப்பானில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்று தனியாக ஒன்று: முதலில் 1.6 லிட்டரில் 125 குதிரைத்திறன், பிறகு 136, பிறகு 1.4 டர்போவில் 140. இதே குடும்பத்து ஸ்விஃப்டில்தான் ஸ்வீடன்காரர் பெர்-குன்னர் ஆண்டர்சன் 2007-ல் ஜூனியர் உலக ராலி பட்டத்தை வென்றார். நமக்குக் கிடைத்தது அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போட்ட மாதிரி. அளவு சரிதான், காசு மட்டும் பாக்கெட்டில் இல்லை.

2014-ல் குளோபல் என்கேப் ஏர்பேக் இல்லாத இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டை மோதவிட்டுப் பார்த்தது. பூஜ்ஜிய நட்சத்திரம். அந்தக் காணொளியைப் பார்த்த இரவு எனக்கு அதற்கும் முந்தைய வண்டிதான் கண்ணில் நின்றது. அப்பாவின் வெள்ளி ஸ்விஃப்டிலும் ஏர்பேக் கிடையாது. சாலையில் கிடக்கும் ஜல்லியைக் கைக்குச் சொல்லும் கார், எதிரே லாரி வந்தால் நெஞ்சுக்கும் நேராகவே சொல்லிவிடும். கேரக்டர் என்று நாங்கள் பேசியதில் இதுவும் சேர்த்திதான், ஆனால் யாரும் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

மூன்றாம் தலைமுறையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2018, புது அடித்தளம், பெட்ரோல் வண்டி 855 முதல் 880 கிலோ, முந்தையதைவிட ஏறக்குறைய ஒரு ஆளின் எடை குறைவு. அந்த இலகு மலையில் தெரிந்தது, பழைய எஞ்சினே துள்ளியது. டிக்கி 268 லிட்டர். ஸ்டியரிங் மட்டும் வெண்ணெயில் கரண்டி விட்ட மாதிரி. பின்கதவுக் கைப்பிடியை ஜன்னலுக்குப் பின்னால் தூணில் ஒளித்துவைத்தார்கள், இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் போலத் தெரிய வேண்டுமென்று. சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். ஏர்பேக் இரண்டு எல்லா வகையிலும் வந்தது, நட்சத்திரமும் இரண்டு வந்தது. 2022-ல் விதிகளைக் கடுமையாக்கிச் சோதித்தபோது ஒன்றாகியது. 2020-ல் பிஎஸ்6 வந்ததும் டீசலை நிறுத்திவிட்டார்கள். மாமா அதற்கு ஒரு வாரம் துக்கம் காத்தார்.

நான்காவதை 2024 இறுதியில் வாங்கியது அக்கா. சொந்தச் சம்பளம், சொந்தப் பெயர். மூன்று சிலிண்டர் எஞ்சின், நான்கில் ஒன்று குறைந்ததால் நின்றிருக்கும்போது சீட்டுக்கடியில் லேசான நடுக்கம். கிளட்ச் மிதி இல்லாத ஏஜிஎஸ் கியர். ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் உண்டு. வழுக்கினால் பிடிக்கும் ஈஎஸ்பியும், ஏற்றத்தில் பின்னால் உருளாமல் நிறுத்தும் ஹில் ஹோல்டும் அப்படியே. பின்கதவுக் கைப்பிடி மறுபடி கதவுக்கே வந்துவிட்டது, பாப்பா தானே திறந்து ஏறிக்கொள்கிறாள். நான் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மிக்கா" என்றேன்.

"உனக்கு உப்பு. எனக்குச் சாப்பாடே இப்பத்தான்டா கெடைக்குது."

அவள் சும்மா சொன்னாள், நான்தான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அவளுக்கு ஏன் சாவி தரவில்லை என்று அப்பாவிடம் கேட்டால் அவர் ஒருநாளும் பொம்பளைப் பிள்ளை என்று சொன்னதில்லை. காரணம் எப்போதும் காரிலேயே இருந்தது. "கிளட்ச் கெட்டி கண்ணு." "மலையில பஸ் எறங்கி வந்தா நடு ஏத்தத்துல நிறுத்தோணும், ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கோணும், அரை அடி பின்னால போச்சுன்னா என்ன பண்ணுவே?" எல்லாம் உண்மை. எனக்கும் ஆரம்பத்தில் அரை அடி பின்னால் போனது. எனக்கு அதைப் பழக்கம் என்றார்கள். காரில் உள்ள கடினம் ஒவ்வொன்றும் ஒரு வாசல்காரன் மாதிரி நின்றது, எங்களை உள்ளே விட்டு அவளை வெளியே நிறுத்தியது. மாமாவின் கடிவாளப் பேச்சும் அதே வாசல்தான். கேரக்டர் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இப்போதும் அந்த ஜி13 குரலுக்கு ஏங்குகிறேன். ஆனால் யாருக்காக இருந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

போன தை மாதம் அக்கா தன் வண்டியில் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு முதல் வளைவிலிருந்து எழுபதாவது வரை ஓட்டினாள். ஏஜிஎஸ் வளைவு வாசலில் ஒரு நொடி யோசிக்கும். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டு லிவரை எம் பக்கம் தள்ளி இரண்டிலேயே நிறுத்திக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. இருபத்தெட்டாவது வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. நின்றாள். ஹில் ஹோல்ட் பிடித்தது. முன்சீட்டில் அப்பாவின் கை தானாக ஹேண்ட் பிரேக்கை நோக்கிப் போய், பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது.

வெள்ளி ஸ்விஃப்டின் ஆர்.சி.யை 2021-ல் 15 வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். 2026-ல் மறுபடி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு மலை ஓட்டுவதில்லை. பழைய இரும்புக்காரர் வந்து ஒரு விலை சொன்னார், அப்பா சரி என்கிற மாதிரி தலையாட்டினார். அக்கா சமையலறையிலிருந்து வந்து, "அத ஏன் விக்கறீங்க, நான் ஓட்டறேன்" என்றாள். ஆணியிலிருந்து சாவியை அவளே எடுத்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சேந்தமங்கலம் தாண்டும் வரை இரண்டு முறை ஆஃப் ஆனது. பன்னிரண்டாவது வளைவு வரை போய் ஓரமாக நிறுத்திக் கையை உதறினாள். "என்னடா இது, ரோட்டுல கெடக்கற கல்லு பூரா கைக்கு வருது?"

"அதான்க்கா கேரக்டர்."

"இது ஏதோ அலைன்மென்ட் கோளாறு, மொதல்ல அதப் பாரு."

அலைன்மென்ட் பார்த்தாயிற்று, கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. எஃப்.சி.க்கு முன்னால் முன்டயர் இரண்டும் மாற்ற வேண்டும், கிளட்ச் கேபிளையும் இளகலாக வைத்துத் தரச் சொல்லியிருக்கிறோம்.