பக்கம் ஏன் திறக்க மறுக்கிறது? தட்கலும் வீராணம் குழாயும்

சேத்தியாத்தோப்பில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ போக வேண்டும். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. அதன் பிறகு வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்தபடியே எடுத்துவிடலாம்.

எடுத்துவிடலாம் என்று சொல்வது சுலபம். தட்கல் திறக்கும் நேரத்தில் முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். மணி பத்து அடித்ததும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவழியாகப் பக்கம் திறக்கும்போது 'காத்திருப்போர் பட்டியல்' என்று காட்டும். மறுநாள் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய மாணவருக்கும், அம்மாவை வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறவருக்கும் அது வெறும் தாமதம் இல்லை. போகமுடியுமா முடியாதா என்ற கேள்வி.

"நெட் ஸ்லோ", "சர்வர் டவுன்" என்று இரண்டே வார்த்தையில் எல்லோரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். காய்ச்சல் எப்படி ஒரு நோயின் அறிகுறியோ, அப்படித்தான் இதுவும். எந்த இடத்தில் அடைப்பு என்று பார்க்காமல் மருந்து கொடுத்தால் காசுதான் வீணாகும்.

ஒரு பக்கம் திறப்பதற்குள்

முகவரியைத் தட்டியதும் உலாவி முதலில் அந்தப் பெயருக்கு உரிய எண்ணைக் கேட்டு வாங்குகிறது. இரண்டாவது, அந்த சர்வருடன் தொடர்பு ஏற்படுத்துகிறது. மூன்றாவது, பக்கத்தைக் கேட்கிறது. நான்காவது, சர்வர் தரவுத்தளத்தைப் பார்த்துப் பக்கத்தைத் தயாரிக்கிறது. ஐந்தாவது, பக்கம் வந்து சேர்கிறது. அதோடு முடிவதில்லை. பக்கத்துக்குள் இருக்கும் படங்கள், எழுத்துருக்கள், ஸ்கிரிப்ட்டுகள் ஒவ்வொன்றையும் உலாவி மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.

இதில் எது நேரம் தின்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று பட்டை பட்டையாகக் காட்டும். கேட்டதற்கும் முதல் பைட் வந்ததற்கும் நடுவில் மட்டும் நீண்ட காத்திருப்பு இருந்தால் சர்வர் பக்கம் சந்தேகப்படலாம். முதல் பைட் சீக்கிரம் வந்து, படங்கள் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் பக்கமே கனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

யாஹூவில் வேலை பார்த்த ஸ்டீவ் சவுடர்ஸ் 2007-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பயனாளர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை, பக்கம் வந்த பிறகு மற்றவற்றை இறக்கிக் காட்டுவதில்தான் போகிறது என்பது அவர் கண்டது. கல்லூரி புராஜெக்ட்டுக்காகத் தளம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேமராவில் எடுத்த 4 எம்.பி. படத்தை அப்படியே போட்டுவிட்டு ஹோஸ்டிங் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை.

குழாயின் அகலமும் நீளமும்

சேத்தியாத்தோப்புக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. 2004-இல் செயல்பாட்டுக்கு வந்த புதிய வீராணம் திட்டத்தில் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து பம்ப் செய்யப்பட்டு, வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி சென்னைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அனுப்பும் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர் போகும். ஆனால் இங்கே மோட்டார் போட்ட அடுத்த நிமிடமே அதே தண்ணீர் போரூரில் கொட்டாது. அகலம் வேறு, தூரம் வேறு.

இணையத்திலும் அப்படியே. 'பேண்ட்வித்' என்பது குழாயின் அகலம். 'லேட்டன்சி' என்பது போய்ச் சேரும் நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். இங்கிருந்து அமெரிக்காவில் உள்ள சர்வருக்கு ஒருமுறை போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து தடவை போய்வர வேண்டியிருந்தால் இரண்டு விநாடி போச்சு. இதற்கு மருந்து அகலமான இணைப்பு இல்லை. போய்வரும் தடவைகளைக் குறைப்பதும், படங்களைப் பக்கத்து ஊர் சர்வரில் நகலாக வைப்பதும்தான்.

சில சமயம் குழாயே உடையும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலுக்கடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தவழ்ந்தது. அன்று எந்த சர்வரைப் பழுது பார்த்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

சர்வருக்குள் சிக்கல்

சர்வர்தான் காரணம் என்று உறுதியான பிறகும் உடனே புதிய கணினி வாங்கக் கூடாது. பெரும்பாலும் குற்றவாளி தரவுத்தளத்தில் இருப்பார். 50,000 மாணவர்களின் மதிப்பெண்கள் உள்ள அட்டவணையில் பதிவெண்ணுக்கு 'இண்டெக்ஸ்' போடாமல் விட்டால், ஒரே ஒருவரைத் தேடுவதற்கு 50,000 வரிகளையும் படிக்கும். சோதிக்கும்போது இருபது பேர்தான் இருப்பார்கள், பிரச்சினையே தெரியாது. ரிசல்ட் வரும் நாளில்தான் தெரியும். அதிக நேரம் எடுக்கும் கேள்விகளை மட்டும் பதிவு செய்து வைக்கும் வசதி மைஎஸ்கியூஎல்லில் இருக்கிறது. முதலில் அதைத் திறந்து படிக்க வேண்டும்.

தட்கல் விவகாரம் இதைவிடக் கடினம். ரயில் கால அட்டவணையை நகல் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். காலி இருக்கையை அப்படி வைக்க முடியாது. ஒரு பெர்த்தை ஒருவருக்குத்தான் விற்க வேண்டும். ஆகவே எத்தனை சர்வர் முன்னால் நின்றாலும் கடைசியில் எல்லோரும் ஒரே கவுன்டருக்குத்தான் வந்தாக வேண்டும்.

2014-க்கு முன்பு அந்தத் தளத்தின் திறன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட். நிமிடத்துக்கு 3,000 பேர் வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நிமிடமும் 1,000 பேர் தேங்குவார்கள். ஐந்து நிமிடத்தில் 5,000 பேர். அதற்குள் பொறுமை இழந்து எல்லோரும் 'ரிஃப்ரெஷ்' அழுத்துவார்கள். பழைய வேண்டுகோளைக் கைவிட்டது பல நேரம் சர்வருக்குத் தெரியாது. அதையும் செய்யும், புதியதையும் செய்யும். கூட்டம் தானாகவே இரட்டிப்பாகிவிடும்.

இதற்கு இரண்டு விதமாக வைத்தியம் நடந்தது. ஒன்று, திறனைக் கூட்டுவது. 2014 ஏப்ரலில் வந்த புதிய அமைப்பு நிமிடத்துக்கு 7,200 டிக்கெட் என்றும், ஒரே நேரத்தில் 1,20,000 பேர் என்றும் உயர்த்தியது. மற்றொன்றுக்குப் புதிய சர்வரே தேவைப்படவில்லை. கூட்டத்தைப் பிரித்தார்கள். சாதாரண முன்பதிவு 8 மணிக்கே இருக்க, தட்கல் நேரம் 2012 ஜூலையில் 10 மணிக்கு மாறியது. 2015 ஜூனிலிருந்து ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. அணைக்கட்டில் ஷட்டர்களை முறை வைத்துத் திறப்பது போலத்தான்.

வரிசையில் நிற்பது யார்?

2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் விற்றதாக ரயில்வே அறிவித்தது. பழைய 2,000-உடன் ஒப்பிட்டால் அசாத்திய வேகம். பிறகும் ஏன் சாதாரண ஆளுக்குக் கிடைக்கவில்லை? அதற்கும் பதிவேட்டைப் பார்த்துத்தான் விடை கண்டார்கள். தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய வந்த முயற்சிகளில் 50 சதவீதம் வரை மனிதர்களுடையதே இல்லை. தானாக இயங்கும் மென்பொருள்கள். சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கும் அனுமதி இல்லை.

இத்தனை நாள் "நம்ம ஊர் நெட் ஸ்லோ" என்று தன்னையே நொந்துகொண்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய இணைப்பு ஒரு விநாடி பிந்தியது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு முன்னால் நின்ற வரிசையில் பாதி ஆட்களே இல்லை. சர்வரை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போயிருந்தால் அந்த மென்பொருள்களுக்குத்தான் இன்னும் வேகமாக டிக்கெட் கிடைத்திருக்கும்.

ஒரு பக்கம் மெதுவாகத் திறந்தால் முதலில் எங்கே தேங்குகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு யாரால் தேங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால், தளம் வேகமாகிவிடும், விருத்தாசலத்தில் ரயில் ஏற வேண்டியவர் மட்டும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பார்.