ஆவன செய்க

'டூ தி நீட்ஃபுல்' என்னும் ஆங்கிலத் தொடர் இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. நம் நாட்டு விண்ணப்பங்களிலோ இன்றும் வாழ்கிறது. நம் தமிழ் விண்ணப்பங்களில் வரும் 'ஆவன செய்க' என்பதே அதன் பொருள்.

வாப்பா மௌத்தான பின், உம்மாவின் குடும்ப ஓய்வூதியம் வேண்டி யாம் ஓர் அலுவலகத்திற்கு எழுதினோம். வாப்பாவின் பணிச் சிறப்பை ஒரு பக்கம் வருணித்து, அத்தொடரால் மடலை முடித்தோம். நல்ல ஆங்கிலம் எழுதிவிட்டோம் என்ற பெருமிதம் வேறு! ஐந்து திங்கள் சென்று ஒற்றை வரியில் விடை வந்தது: 'கோரிக்கை யாதெனக் குறிப்பிடவும்.' அதற்குள் உம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றிருந்தன.

மறுமடலில் ஓய்வூதிய ஆணை எண், வாப்பா மறைந்த நாள், இணைத்த சான்றிதழ்கள், உம்மாவின் வங்கிக் கணக்கு ஆகியவற்றை வரிசையாக எழுதி, குடும்ப ஓய்வூதியம் வழங்குமாறு நேராகவே கேட்டோம். இரண்டாம் மாதம் பணம் வந்தது.

"முதல் கடிதத்திலேயே இதைக் கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார்கள் உம்மா.

அத்தொடர் பிழையன்று. வேண்டுவது இன்னதென்று விளங்கச் சொன்ன பின்னர் அதற்கு இடமுண்டு. சொல்லாதவிடத்து, நாம் செய்ய வேண்டிய வேலையைப் படிப்பவர் தலையில் ஏற்றுகிறோம். அதன் விலையையோ நம் வீட்டார் கொடுக்கின்றனர்.