சிங்கத்துக்குப் பழம் நீட்ட முடியாது

கேமரா வாங்குன எல்லாருக்கும் ஆப்பிரிக்கா போய் சிங்கத்தைப் படம் எடுக்கணும்னு ஒரு கனவு இருக்கும். எனக்கும் இருந்தது. மாசாய் மாரா போய்வர ஆகற செலவைக் கூட்டிப் பாத்த அன்னிக்கே அது கலைஞ்சு போச்சு :-). மிச்சம் இருந்தது குஜராத்துல இருக்கற கிர் காடு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே சிங்கம் தன்னிஷ்டத்துக்குத் திரியற இடம் உலகத்துலயே அந்தப் பக்கம் மட்டும்தான். போன டிசம்பர்ல நானும் ஆபீஸ் நண்பன் ஒருத்தனும் கிளம்பிட்டோம்.

என் ஊர் காரவள்ளி. கொல்லிமலை அடிவாரம். அந்த எழுபது கொண்டை ஊசி வளைவும் எங்க ஊர்லதான் ஆரம்பம். எங்க மாவட்டத்துல சிங்கம்னா நாமக்கல் குடைவரைக் கோயில் நரசிம்மர்தான். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் வீழ்த்தினதா புறநானூறு 152ஆம் பாட்டு சொல்லுது. அந்த லிஸ்ட்லயும் சிங்கம் கிடையாது. ஆப்பிரிக்காவுல சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம்னு 'பெரிய அஞ்சு' சொல்றாங்களே, அதுவும் வேட்டைக்காரங்க போட்ட கணக்குதான். இப்போ கேமராக்காரங்க அதே லிஸ்டை டிக் அடிக்கிறாங்க.

நிற்க. கிர் காட்டுக்கு வருவோம். ஜிப்சி எந்த வழியா போகணும்னு முதல்லயே ஒதுக்கிடறாங்க. கூடவே ஒரு கைடு. கீழே இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. முதல் ரெண்டு சஃபாரியில கிடைச்சது புள்ளிமான், மயில், வாய் நிறைய புழுதி. மூணாவதுல கைடு சட்டுனு கையைக் காட்டினார். எனக்கு ஒண்ணும் தெரியல. காய்ஞ்ச தேக்கிலையும் சிங்கமும் ஒரே நிறம். வால் நுனி ஆடினப்புறம்தான் புரிஞ்சது. ஒரு பெண் சிங்கம், ரெண்டு குட்டி, மூணும் நல்ல தூக்கம்.

சிங்கம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வரைக்கும் சும்மா படுத்துக் கிடக்குமாம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் தாய் தலையைத் தூக்கிச்சு. மூணே மூணு கிளிக். அதுல ஒண்ணுதான் தேறிச்சு.

திரும்பி வரும்போது கைடு ஒரு விஷயம் சொன்னார். முன்னாடியெல்லாம் எருமைக்கன்னைக் கட்டிப் போட்டு, சிங்கத்தை வரவழைச்சு, வந்தவங்களுக்குக் காட்டுவாங்களாம். இன்னிக்கு அப்படிச் செஞ்சா குற்றம். நூறு வருஷத்துக்கு முன்னாடி சில டஜன்னு சுருங்கிப் போன இனம், 2025 மே மாசக் கணக்கெடுப்புல 891.

அதைக் கேட்டதும் எனக்குப் பெரியப்பா கடைதான் ஞாபகம் வந்தது.

மலையேறுற வழியில பெரியப்பா வாழைப்பழக் கடை வெச்சிருக்கார். வாங்குறவங்கள்ல பாதிப் பேர் குரங்குக்குத்தான் வாங்குறாங்க. கார்க் கண்ணாடியை இறக்கிப் பழத்தை நீட்டினா குரங்கு ஓடி வரும், போட்டோ ரெடி. கன்னுக்குட்டிக்குப் பதிலா வாழைப்பழம், அவ்வளவுதான். கோடையில ஒரு நாள், பழம் நீட்டின காரைப் பாத்து ஒரு தாய்க்குரங்கு ரோட்டுக்குப் பாய்ஞ்சது. வளைவுல திரும்பி வந்த வேனுக்கு அது தெரியல. வயித்தைக் கட்டிப் பிடிச்சிருந்த குட்டி மட்டும் பொழைச்சது. கேமரா என் கழுத்துலதான் தொங்கிட்டு இருந்தது. எடுக்கத் தோணல.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பெரியப்பாகிட்ட சிங்கம் படத்தைக் காட்டினேன்.

"என்னத்தைக் காட்டிக் கண்ணு நிமிர வெச்ச?"

"ஒண்ணும் காட்டல பெரியப்பா. அதுவா நிமிர்ந்துச்சு."

அப்படியே குரங்கு விஷயத்தையும் ஆரம்பிச்சேன். குரங்குக்குன்னு கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்களேன்னேன்.

"நீ சம்பளக்காரன். ஆயிரக்கணக்குல செலவு பண்ணிச் சும்மா உக்காந்து பாத்துட்டு வருவ. எனக்கு ஞாயித்துக்கெழமை வர்ற காருதான் வருமானம். வாங்குற பழத்தை யாரு திங்கறாங்கன்னு நான் பின்னாடியே போய்ப் பாக்க முடியுமா?"

பதில் சொல்ல முடியல. குரங்குக்குத் தீனி போடாதீங்கன்னு சொல்றது எனக்குச் சுலபம், அதனால என் வீட்டு அடுப்பு அணையப் போறதில்ல. ஆனா அந்தக் குட்டி கத்துன கத்தல் இன்னும் காதுல இருக்கு. இந்த ரெண்டையும் வெச்சு யோசிச்சதுல எனக்குத் தோணினது ஒரே வழிதான். அது பெரியப்பா கையில இல்ல, மேல ஏறி வர்றவங்க கையில இருக்கு.

அதனால மக்களே, கொல்லிமலை வந்தீங்கன்னா எங்க பெரியப்பா கடையில கண்டிப்பா பழம் வாங்குங்க. ஒரு சீப்பா வாங்குங்க. அங்கேயே நின்னு நீங்களே சாப்பிடுங்க, தோலைக் கூடையில போடுங்க. அப்புறம் மேல போய், வளைவு இல்லாத இடமாப் பாத்து வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை ஏத்திட்டு ஒரு அரைமணி நேரம் சும்மா உக்காருங்க. பேன் பாக்கும், சண்டை போடும், குட்டியைக் காதைப் பிடிச்சு இழுக்கும். அந்தப் படம் உங்களுக்குத் தானா கிடைக்கும்.