செவப்பாகணும்னு ஆசைப்பட்டேன், ஆயிட்டேன்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா ஆளைக் காணோம்னு பொய் சொல்லலாம். நிஜக் காரணம் என் மூஞ்சி. கண்ணாடி பார்க்கவே பிடிக்கலைங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். சொந்த ஊரு ராசிபுரம். வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர் நெய் தெரியும், ஆர்.கே.நாராயணன் பேருக்கு முன்னாடி நிக்கிற 'ஆர்' தெரியும். எங்களுக்குத் தெரிஞ்சது சேகோ ஆலைக் களம். மரவள்ளி மாவு வெள்ளை வெளேர்னு காயும். மத்தியானம் பைக்ல அந்தப் பக்கம் போனா மேல ஒரு சூரியன், கீழ ஒரு சூரியன். அங்க வளர்ந்தவன் என்ன நிறம்னு நான் வேற சொல்லணுமா?

எனக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சப்போ, "பையன் கொஞ்சம் மாநிறம்..."னு தரகர் இழுத்தது காதுல விழுந்துச்சு. மறுநாளே ஒரு மருந்துக்கடை. சீட்டு எதுவும் கேக்காம ஒரு ட்யூப் குடுத்தாங்க. பத்தே நாள்ல பளபளப்பு. ஆபீஸ்ல விசாரிச்சாங்க. தங்கச்சியும், "எனக்கும் ஒண்ணு வாங்கியாண்ணா"ன்னா. வாங்கிக் குடுத்தது நான்தான்.

எட்டு மாசம் கழிச்சு, சூடா டீ குடிச்சா கன்னம் எரியுது. சின்னச் சின்னக் கொப்புளம். மூக்கோரம் நூல் நூலா சிவப்பு. ஒரு நாள் க்ரீம் போடலைன்னா தாங்க முடியாது, போட்டா அடங்கிடும். அப்ப க்ரீம்தானே மருந்து? லாக்கை அணைச்சுட்டு எர்ரரே வரலைன்னு சந்தோஷப்பட்ட கதை.

கூகுள்ல தேடினா ரோசேசியான்னு வந்துச்சு. படத்துல எல்லாம் வெள்ளைக்காரங்க. நமக்கெல்லாம் இது வராதுன்னு மூடி வச்சேன். அதுவே தப்பு. கருத்த தோல்லயும் வரும், சிவப்பு சட்டுனு கண்ணுக்குத் தெரியாது, எரிச்சல்தான் காட்டிக்கொடுக்கும்.

சேலத்துல ஒரு தோல் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன க்ரீம் போடறீங்க?" ட்யூப்பைக் காட்டினேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மோமெட்டசோன்கிற ஸ்டீராய்டு. இது ரத்தக்குழாயைச் சுருக்கும், தோல் வெளுக்கும். 1962-ல் மெக்கென்சி, ஸ்டாட்டன்னு ரெண்டு பேர் இந்த வெளுப்பை வச்சே ஸ்டீராய்டோட வீரியத்தை அளந்தாங்களாம். நான் அழகுன்னு நெனச்சது அந்த அளவுகோல்! மாசக்கணக்கா போட்டா தோல் மெலிசாகும், நிறுத்தினா சுருங்கின குழாயெல்லாம் ஒரேயடியா விரியும்.

இன்னொரு கூத்து. அமெரிக்க டாக்டர் ஆல்பர்ட் கிளிக்மன் 1974-ல் 'ஸ்டீராய்டு ரோசேசியா' பத்தி ரெண்டு பேரோட சேர்ந்து கட்டுரை எழுதினார். 1975-ல் நிறம் குறைக்கிற மூணு மருந்துக் கலவையைக் கொண்டுவந்ததும் அவரேதான். அதுல இருந்த ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோன். என் ட்யூப் அதோட பேரப்புள்ளை.

நம்ம நாட்டுல 2011-ல் வந்த ஒரு ஆய்வுல, முகத்துத் தோல் பிரச்சினைன்னு வந்த 2926 பேர்ல 433 பேர் ஸ்டீராய்டு பூசிட்டிருந்தாங்க. 2018-ல் அரசாங்கம் தோல் ஸ்டீராய்டுகளை 'எச்' அட்டவணைக்குள்ள இறுக்கிச்சு, டாக்டர் சீட்டில்லாம விக்கக்கூடாது. என் டப்பாவிலயும் அந்த எச்சரிக்கை பொடி எழுத்துல இருந்துச்சு. டீம்ல எல்லாரையும் டாக்குமென்ட் படின்னு திட்டறவன் நான்.

க்ரீமை நிறுத்தியாச்சு. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, மெட்ரோனிடசோல் ஜெல், ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்க்ரீன். (இது என் சீட்டு, நீங்க உங்க டாக்டர்கிட்ட போங்க.) முதல் மூணு வாரம் நரகம். இப்ப டீயை ஆத்தித்தான் குடிக்கறேன், களத்துப் பக்கம் தொப்பியோட போறேன்.

கஷ்டம் அது இல்லைங்க. தங்கச்சிக்கு ரெண்டு மாசத்துல கல்யாணம். போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "போட்டோ எடுத்து முடியட்டும், நிறுத்திக்கறேண்ணா"ன்னா. என்ன பதில் சொல்றது? அந்த ட்யூப் நான் குடுத்தது.

மறுநாள் டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். வர்ற வழியில அவளே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி சொல்லிட்டா. எனக்கு அந்த தைரியம் இருந்திருக்காது.

இப்ப அவளுக்கு ரெண்டாவது வாரம். மூஞ்சி வீங்கி, ராத்திரி தூக்கம் இல்லை. "நெய்யைத் தடவுனா ஆறிடும் சாமி"ன்னு அம்மா கிண்ணத்தோட நிக்கறாங்க. அதைப் பருப்புல ஊத்தச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறணும், அவளுக்கும் ஒரு தொப்பி வாங்கணும்.