முயல் தேர்ந்த மூலை

புனே நகரின் கோத்ரூட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டிற்குச் சென்ற மழைக்காலத்தில் ஒரு வெண்முயல் வந்து சேர்ந்தது. ஊர் மாறிச் சென்ற அண்டை வீட்டார் அதனை என் மகளின் கையில் ஒப்படைத்துப் போயினர். "ஸஸா, ஸஸா" என்று மராத்தியில் அழைத்து அவள் மகிழ்ந்தாள். அன்று மாலையே கூடமெங்கும் மிளகைச் சிதறியதுபோலப் புழுக்கைகள்!

பழக்கிவிடலாம் என்ற துணிவில், என் வசதிக்கேற்பக் குளியலறை வாயிலருகே ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்தேன். முயலோ, என் தாயார் பாய் விரிக்கும் மூலையையே நாடிற்று. ஐந்தாம் நாள் பாய் நனைந்திருக்கக் கண்டு பொறுமையிழந்தேன். உரக்க அதட்டித் தரையில் ஓங்கி அறைந்தேன். அது கட்டிலுக்கடியில் ஒடுங்கியது. மறுநாள் காலைவரை ஒரு புல்லும் தின்னவில்லை; ஒரு புழுக்கையும் இடவில்லை.

கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். முயலின் குடல் ஓயாது இயங்கவேண்டும். அரைநாள் உண்ணாதிருப்பதே உயிருக்கு ஆபத்தாகலாம். அச்சமும் அதற்கொரு காரணமாகலாம் என்றார் அவர். மருந்து கொடுத்துத் திரும்பினோம். மகள் என்னோடு பேசவில்லை. நள்ளிரவுக்குப் பின் கட்டிலடியில் நான்கு புழுக்கைகளைக் கண்டபோது, அவளை எழுப்பி அழைத்துவந்து காட்டினேன்.

மருத்துவர் கூறிய முறை எளியது. நம் முல்லை நிலத்துப் புதர்களில் பதுங்கும் முயல் வேறு. வீட்டில் வளரும் இவ்வினம், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த முயலின் வழிவந்தது. குறித்த இடங்களில் கழிவிடுவது அதன் இயல்பு. ஆகவே அது தேர்ந்த மூலைக்கே தட்டை நகர்த்தவேண்டும். தட்டில் செய்தித்தாள் பரப்பி, ஒருபுறம் உலர்ந்த புல் இடவேண்டும். தின்றுகொண்டே கழிவிடுவது அதன் வழக்கம். சில புழுக்கைகளைத் தட்டிலேயே விட்டுவைத்தால் அந்த மணமே வழிகாட்டும். தரைக்கறையை வினிகரால் துடைக்கலாம். பூனைக்கென விற்கும், ஈரம்பட்டால் கட்டியாகும் களிமண் ஆகாது. தின்றால் குடலை அடைத்துவிடும். பருவமடைந்தபின் கருத்தடை அறுவை செய்தால், சிறுநீரால் எல்லை குறிக்கும் வழக்கம் பெரும்பாலும் தணியும்.

ஆனால் அந்த மூலை அம்மாவுடையதாயிற்றே? தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"குடுத்திருடா. பாவம், புது எடம்லா அதுக்கு? எனக்கே இங்க ஒறக்கம் வர ஆறு மாசம் ஆச்சு" என்றார்.

திருநெல்வேலியிலிருந்து அவரை அழைத்துவந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அந்த ஆறு மாத உறக்கமின்மையை அன்றுதான் நான் அறிந்தேன். அந்த மூலையையும் அவருக்காக நான்தான் தேர்ந்திருந்தேன். அவரை ஒரு சொல் கேட்டதில்லை. பிழைப்புக்காகப் பெயர்ந்து வந்த நம்மில் பலரும், நமக்குப் பின்னால் வந்த முதியவர்களை இப்படித்தான் குடியமர்த்தியிருக்கிறோமோ?

மூன்று வாரங்களில் முயல் பழகிவிட்டது. எப்போதாவது இரண்டொரு புழுக்கை வெளியே விழுவதுண்டு. அதனை நான் பொருட்படுத்துவதில்லை.

அம்மாவிடம் எந்த இடம் வேண்டும் என்று கேட்டேன். சற்றும் யோசியாமல், கிழக்குச் சன்னலைக் காட்டினார்.