எங்கள் வீட்டுக் கருவூலம்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிப்பொறி அறிவியல்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது பெரியோர் வாக்கு. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்பது அடியேன் கருத்து: வீட்டில் ஒரு சர்வர் வைத்துப் பார்!

சர்வர் என்றவுடன் 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படமும் நாகேஷும் நினைவுக்கு வந்தால் தவறில்லை. ஓட்டல் சர்வர் கேட்டதைக் கேட்டவர்க்குக் கொண்டுவந்து தருகிறார். கணிப்பொறிச் சர்வரும் அதையேதான் செய்கிறது. ஒரே வேறுபாடு, இதற்கு இரவும் இல்லை, வார விடுமுறையும் இல்லை. அத்தகைய ஓர் ஊழியரை எங்கள் வீட்டிற்கு எவ்வாறு தேர்ந்தெடுத்தோம் என்பதே இக்கட்டுரை.

ஏன் இந்த ஆசை?

என் தந்தையார் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் 1998 முதல் போட்டோ ஸ்டுடியோ நடத்தி வருகிறார். 2007-இல் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறினார். அன்று முதல் எடுத்த திருமணங்கள், காதணி விழாக்கள், அறுபதாம் கல்யாணங்கள் அனைத்தும் பதினொரு ஹார்டு டிஸ்க்குகளில் அடங்கி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மூதாட்டி ஸ்டுடியோவுக்கு வந்தார். விபத்தில் மகனை இழந்தவர். “2011-ல அவன் கல்யாணத்துக்கு நீங்கதானய்யா படம் எடுத்தீங்க. ஆல்பம் மழைத் தண்ணியில ஊறிப் போச்சு. ஒரே ஒரு படம் போட்டுக் குடுங்க” என்றார். அப்பா 2011 என்று எழுதியிருந்த டிஸ்க்கை எடுத்து மாட்டினார். அது சுழலவில்லை, ‘டிக், டிக்’ என்று தட்டிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

மீட்டுத் தருவதாகச் சொன்னவர்கள் கேட்ட தொகை எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. அந்த டிஸ்க் இன்னும் டின்னுக்குள்தான் இருக்கிறது. ஆனால் மற்றப் பத்தும் அந்த வழியில் போகாமல் காக்கவேண்டுமே! சமையலறை ஓட்டுக் கூரையைப் பிரித்து மேய்வதற்காக அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் 50,000 ரூபாய். “கூரை அடுத்த மழைக்குள்ள பாத்துக்கலாம். ஊர்ச்சனம் நம்மள நம்பிக் குடுத்த படம் போனா வருமா?” என்று சொல்லி அதை என் கையில் கொடுத்தார். கணிப்பொறி வாங்குவது எளிது. அம்மாவின் கூரைப் பணத்தில் வாங்குவது எளிதன்று.

எங்கே தொடங்குவது என்று திகைத்தபோது வழிகாட்டியவர் திருவள்ளுவர். பொருட்பாலில் 47-ஆம் அதிகாரம் முதல் 51 வரை வரிசையாக ஐந்து அதிகாரங்கள்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல். அரசர்க்கு வகுத்த அந்த வரிசை ஒரு சர்வர் வாங்கும் மாணவனுக்கும் அப்படியே பொருந்தியதை என்னென்பேன்!

தெரிந்து செயல்வகை

முதலில், வேண்டுவது இன்னது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு வேலைகள் இரண்டு. ஒன்று, படங்களைக் காத்தல். பத்து டிஸ்க்குகளையும் கணக்கிட்டு, இரட்டிப்பானவற்றைக் கழித்தபின் சுமார் 2.6 டெராபைட் தேறியது. ஆகவே 4 டெராபைட் போதும் என்று முடிவு செய்தோம். (4 டெராபைட் என்று விற்கும் டிஸ்க் விண்டோஸில் 3.63 என்று காட்டும். விற்பவர் ஆயிரத்தின் பெருக்கத்தில் எண்ணுகிறார். விண்டோஸ் 1024-இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. யாரும் ஏமாற்றவில்லை.)

இரண்டாவது வேலை, மெய்நிகர்ப் பொறிகளை இயக்குதல். ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் இருப்பதுபோல் இயங்கச் செய்வதே இது. ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருந்து, ஒவ்வொன்றும் தனித்தனி அடுப்பு மூட்டுவதைப் போல! இது புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இலேயே தன் பெரிய பொறிகளுக்கு ‘வி.எம்./370’ என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. சாதாரணக் கணிப்பொறிகளின் சில்லுகளில் இதற்கென்றே தனி வசதி 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களால் சேர்க்கப்பட்டது. 2007-இல் லினக்ஸின் கருவிலேயே ‘கே.வி.எம்.’ என்ற பெயரில் இவ்வசதி இடம்பெற்றது.

எங்களுக்கு இது எதற்கு? அப்பாவின் ஆல்பம் செய்யும் மென்பொருள் விண்டோஸ் 7-இல் மட்டுமே ஓடுகிறது. அந்த விண்டோஸுக்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அது இருந்த கணிப்பொறியோ இன்றோ நாளையோ என்றிருந்தது. அதை மெய்நிகர்ப் பொறியாக்கி, இணையத் தொடர்பைத் துண்டித்து வைத்துவிட்டால் பழைய ஆல்பங்களை எப்போதும் திறக்கலாம். அதோடு என் பாடப் பயிற்சிக்கு இரண்டு லினக்ஸ் பொறிகள். ஒவ்வொன்றுக்கும் 4 ஜிகாபைட் நினைவகம் என்றால் 12. சேமிப்பு வேலைக்கும் சேர்த்து 32 இருந்தால் தாராளம். இக்கணக்கை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே கடைவாசல் மிதித்தேன்.

வலியறிதல்

அப்பாவும் நானும் சென்னை ரிச்சித் தெருவுக்குச் சென்றோம். கண் முன்னே நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, சேமிப்புக்கென்றே ஆயத்தமாக விற்கும் பெட்டி. பார்க்க அழகு, பழக எளிது. ஆனால் எங்கள் பணத்தில் பெரும்பகுதி வெறும் பெட்டிக்கே போய்விடும். மூன்று மெய்நிகர்ப் பொறிகளைத் தாங்கும் வலுவும் எங்களுக்கு எட்டும் விலைப் பெட்டிகளில் இல்லை.

இரண்டாவது, பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட உண்மையான சர்வர்கள். இரண்டு ஜியான் சில்லுகள், கணக்கற்ற நினைவகம்! விலையும் மலிவு. “தம்பி, யானையை வாங்கிடலாம், தீனி யாரு போடறது?” என்றார் கடைக்காரர். அதன் விசிறிகள் எழுப்பிய ஓசையில் அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

மூன்றாவது, உள்ளங்கை அகலப் பெட்டிகள். 2023-இல் வந்த இன்டெல் என்100 சில்லு கொண்டவை. மின்சாரத்தை மிகக் குறைவாகவே உண்பவை. ஆனால் அச்சில்லுக்கு நிறுவனம் அறிவித்துள்ள நினைவக வரம்பு 16 ஜிகாபைட். மூன்றரை அங்குல டிஸ்க் இரண்டை வைக்க உள்ளே இடமும் இல்லை.

நான்காவது, அலுவலகங்களில் உழைத்து ஓய்வுபெற்ற மேசைக் கணிப்பொறி. 2018-ஆம் ஆண்டின் இன்டெல் ஐ5-8500 சில்லு, ஆறு கருக்கள், இரண்டு டிஸ்க்குகளுக்கு இடமுள்ள கோபுரப் பெட்டி. நான் தாளில் எழுதியிருந்த தேவைக்கு இதுவே போதுமானது. இதையே எடுத்தோம்.

இதில் ஒரு குறை உண்டு, அறிந்தே ஏற்றுக்கொண்டோம். நினைவகத்தில் எப்போதேனும் ஒரு பிட் தானே மாறிவிடக்கூடும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் கணக்கை பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்டார். அவ்வழி வந்ததே ‘இ.சி.சி.’ நினைவகம். 64 பிட்டுக்கு 8 பிட் காவலாக நிற்கும். எங்கள் ஐ5 அதை ஏற்காது. அதே தலைமுறையில் விலை குறைந்த ஐ3-8100 உரிய தாய்ப்பலகையில் ஏற்கும் என்பது விந்தை! ஆனால் அத்தகைய பலகையும் நினைவகமும் வாங்கினால் மூன்றாவது டிஸ்க்குக்குப் பணம் இராது. காவலா, நகலா என்று வந்தபோது நாங்கள் நகலைத் தேர்ந்தோம். நினைவகத்தை இரண்டு இரவுகள் முழுதும் சோதித்து, ஒரு பிழையும் இல்லை என்று கண்ட பின்பே பயன்படுத்தினேன்.

காலமறிதல்

சர்வர் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருப்பது. ஆகவே வாங்கும் விலை ஒருநாள் செலவு. மின்சாரம் அன்றாடச் செலவு. இரு மாதங்களுக்கு 1440 மணி. 100 வாட் உண்ணும் பழைய பெரிய சர்வர் அக்காலத்தில் 144 யூனிட் கேட்கும். எங்கள் கணிப்பொறி டிஸ்க்குகளோடு சேர்ந்து சும்மா இருக்கும்போது அளந்ததில் 30 வாட். அதாவது 43 யூனிட். ஏறுமுகமான கட்டணப் படிகளில் இந்த வேறுபாடு சிறிதன்று.

அடுத்தது டிஸ்க். 1956-இல் ஐ.பி.எம். செய்த முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல அகலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துகள். அப்பாவின் காமிரா இன்று எடுக்கும் ஒரே படம் அதில் அடங்காது! இந்த வளர்ச்சிக்கு இடையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. சில டிஸ்க்குகளில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதுகிறார்கள்; எங்கள் சமையலறை ஓட்டுக் கூரையைப் போல. இதற்கு ‘எஸ்.எம்.ஆர்.’ என்று பெயர். இடம் மிச்சம்தான். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பது போல, ஒரு தடத்தைத் திருத்த அண்டைத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு டிஸ்க் பழுதாகி, புதியதில் எல்லாவற்றையும் நிரப்பும்போது இது தடுமாறும். தடங்கள் தனித்தனியே நிற்கும் ‘சி.எம்.ஆர்.’ வகையே எங்களுக்கு ஏற்றது. பெட்டியின் மேல் இதை அச்சிடாதவர்களும் உண்டு. மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் விவரத் தாளில் பார்த்த பிறகே வாங்கினேன். பணத்தில் பாதிக்கு மேல் டிஸ்க்குகளுக்கே போயிற்று; அதுவே முறை. கணிப்பொறி பழுதானால் வேறு வாங்கலாம். படம் வாங்க முடியுமா?

பல மலிவான டிஸ்க்குகளைக் கூட்டாக நிறுத்தி ஒன்றின் வீழ்ச்சியை மற்றவை தாங்கச் செய்யும் ‘ரெய்டு’ முறையை 1988-இல் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூவர் பெர்க்லியிலிருந்து விளக்கி எழுதினர். நாங்கள் அதில் மிக எளிய வகையான கண்ணாடி முறையைக் கொண்டோம்: ஒரே செய்தி இரண்டு டிஸ்க்கிலும். அதன்மேல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் வெளியிட்ட ‘இசட்.எஃப்.எஸ்.’ கோப்பு முறை. எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் இது ஒரு சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் இரட்டையிடமிருந்து நல்லதை எடுத்துக் கெட்டதைத் திருத்துகிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே நாளில் பிறந்த இரட்டையர் ஒரே காலத்தில் தளரக்கூடும் அல்லவா? ஆகவே இரு டிஸ்க்கையும் வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு மாதத் தயாரிப்பாகப் பார்த்து வாங்கினோம்.

இடனறிதல்

பரணில் வைக்கலாம் என்றார் அப்பா. கோடையில் பரணில் ஊறுகாய் ஜாடியே கொதிக்கும்! பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் விதிக்கும் மேல் வரம்பு 60 பாகை செல்சியஸ். இறுதியில் காற்றோட்டமுள்ள முன்னறையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு பலகை அடித்து வைத்தோம். கத்திரி வெயிலில் நான் கண்ட உச்சம் 47 பாகை.

மின்தடைக்கு ஒரு சிறு யு.பி.எஸ். வாங்கும்போது, கணிப்பொறிக்குத் தகவல் சொல்லும் யு.எஸ்.பி. இணைப்பு உள்ளதா என்று பார்த்து வாங்கினேன். மின்சாரம் போய் மின்கலம் தளரும்போது, சர்வர் தானே எல்லாப் பொறிகளையும் முறையாக உறங்கவைத்துத் தானும் உறங்கும்.

தெரிந்து தெளிதல்

ஆராயாமல் நம்புவதும் ஆகாது. புதிய டிஸ்க் என்றாலும், நான்கு வித வடிவங்களை முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனையில் இட்டேன். ஒருமுறை எழுதவே ஏழு மணி நேரத்துக்கு மேல். எழுதலும் படித்தலுமாக எட்டு முறை. இரண்டரை நாள் ஆயிற்று. தேறிய பின்பே அப்பாவின் படங்கள் உள்ளே நுழைந்தன.

கண்ணாடி முறை காப்பு ஆகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தவறுதலாக ஒன்றை அழித்தால் அது இரண்டிலும் ஒருங்கே அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய விதி ஒன்றுண்டு: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். இயன்றவரை அதைக் கடைப்பிடிக்கிறோம். மூன்றாவது டிஸ்க் பக்கத்து ஊரில் அத்தை வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதுப்பித்து, ஏதேனும் பத்துப் படங்களைத் திறந்து பார்த்துவிட்டே திருப்பி அனுப்புகிறோம். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணத்திற்குச் சமம்.

பத்து டிஸ்க்குகளிலிருந்தும் படங்களை மாற்றி முடிக்க இரண்டு வாரங்கள் ஆயின. இப்போது அப்பா ஒவ்வொரு திருமணத்தையும் ஊர்ப்பெயர், ஆண்டு, மாதம் என்று வகைப்படுத்துகிறார். “இது யாரு தெரியுமா? நம்ம போஸ்ட்மாஸ்டரோட அப்பா” என்று இரவில் என்னையும் அழைத்துக் காட்டுகிறார். பள்ளிக்கூடத்துப் பழைய தலைமையாசிரியர், இடித்துவிட்ட சத்திரத்தின் வாசல், வற்றிப்போன குளத்தில் தெப்பம் என்று எங்கள் ஊரின் பதினேழு ஆண்டு வரலாறு அதில் இருக்கிறது.

நண்பர்களே! இக்கட்டுரையைப் படித்துவிட்டு எல்லோரும் சர்வர் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பாட்டியின் குரலும் தம்பியின் மழலையும் ஒரே ஒரு நகலாக இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு நகலை இன்னோரிடத்தில் வைக்கப் பெரிய பொறி எதுவும் வேண்டாம். ஒரு மாலைப் பொழுது போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதைச் செய்யுங்கள். வசதி வாய்க்கும் நாளில் பொறி வாங்கப் புறப்பட்டால், விலைப்பட்டியலைப் பார்க்குமுன் உங்கள் தேவைப்பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தைச் சற்றே குறைத்துக் காப்புக்குக் கொடுங்கள். காலத்தை வெல்ல நம்மால் ஆகாது; ஆனால் அது கொண்டுபோவதில் கொஞ்சத்தை நம்மிடம் நிறுத்திவைக்க நம்மால் ஆகும்.